எட்டு நாள் விருந்தும் ஏழை வீட்டுக் கணக்கும்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.)

கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்கள் எங்கள் வளாகத்தில் விண்ணப்பங்களின் காலம். ஆய்வு மாணவர்களாகிய எங்களிடம் இளையவர்கள் தத்தம் நோக்க அறிக்கைகளைக் கொண்டுவந்து மொழியைச் செம்மை செய்து தரக் கேட்பர். அண்மைக் காலத்தில் அவற்றுள் ஒரு வகை பெருகி வருவதைக் காண்கிறேன். திருச்சபைகளும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளும் நடத்தும் குறுகிய கால ஊழியப் பயணங்களுக்கான விண்ணப்பங்களே அவை. நேபாளம், கம்போடியா, கென்யா என்று நாடுகள் மாறும். காலம் ஒரு வாரமாகவோ பத்து நாளாகவோ இருக்கும். ஆனால், அங்குள்ள ஏழைக் குடும்பங்களின் வாழ்வில் மாற்றம் கொண்டுவர விரும்புகிறேன் என்ற வாக்கியம் மட்டும் எந்த அறிக்கையிலும் மாறுவதில்லை. அதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. அது உண்மையா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்றை விலக்கி வைக்கிறேன். இந்தியாவில் ‘மிஷன்’ என்ற சொல் காதில் விழுந்ததும் உரையாடல் மதமாற்றத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. இங்கு நான் எழுப்பும் வினா அதுவன்று. தம் நம்பிக்கையைப் பிறரிடம் எடுத்துரைக்கும் உரிமை நம் அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பிலேயே உள்ளது. அன்றியும், ஒடிசாவின் மயூர்பஞ்சில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸ் தம் இரு சிறு மகன்களோடு 1999 ஜனவரியில் உயிரோடு எரிக்கப்பட்ட நாடு இது. ஊழியப் பயணத்தை விமர்சிப்பவர் தம் சொற்கள் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். ஸ்டெயின்ஸ் 1965இல் இங்கு வந்தவர். ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்தவர். நான் பேசப்போவது எட்டு நாள் பயணத்தை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதிலிருந்தே குழப்பத்தின் பெரும்பகுதி தொடங்குகிறது.

எட்டு நாள் என்பது போகிற போக்கில் சொன்ன எண்ணன்று. அமெரிக்கச் சமயச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ 2009இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டுச் சபை உறுப்பினர்களுள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இத்தகைய வெளிநாட்டுப் பயணம் மேற்கொள்வதாகக் கணக்கிட்டார். போக்குவரத்து நேரத்தைக் கழித்துவிட்டால் அவர்கள் அங்கே தங்கும் காலம் எட்டு நாள் அளவிலேயே அமைகிறது. ஏழைக்கு வீடு கட்டுதல், பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுதல், மருத்துவ முகாம், சிறுவர்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் விளையாட்டு ஆகியவை வழக்கமான பணிகள். இவற்றுள் வீடு கட்டுதலைப் பற்றி நமக்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் சூறாவளி மத்திய அமெரிக்காவைத் தாக்கியது. ஹொண்டுராஸில் காற்றைக் காட்டிலும், நகராமல் நின்று நாட்கணக்கில் கொட்டிய மழையே பெருங்கேடு செய்தது. மலைச்சரிவுகள் குடியிருப்புகளோடு சரிந்தன. அந்நாட்டில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கித் தள்ளப்பட்டுவிட்டது என்ற பொருள்பட அதிபர் கார்லோஸ் ஃபுளோரெஸ் அப்போது பேசினார். அடுத்து வந்த ஆண்டுகளில் வட அமெரிக்கச் சபைகளிலிருந்து தன்னார்வலர்கள் குழுக்குழுவாக வந்து வீடற்றோர்க்கு வீடு கட்டித் தந்தனர். அதே காலத்தில் உள்ளூர்க் கிறித்தவ அமைப்புகள் உள்ளூர் ஆட்களைக் கொண்டும் வீடுகள் கட்டின. ஆய்வாளர் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான ஒப்பீட்டுச் சூழல் தானாக அமைவது அரிது.

அந்த ஒப்பீட்டைச் செய்தவர் கர்ட் வெர் பீக் என்னும் சமூகவியலாளர். அமெரிக்காவின் கால்வின் கல்லூரியைச் சேர்ந்தவர், கிறித்தவர், ஹொண்டுராஸிலேயே நெடுங்காலம் குடியிருப்பவர். ஆகவே வெளியிலிருந்து பகைமையோடு எழுதியவர் என்று அவரை ஒதுக்கிவிட இயலாது. அவருடைய கட்டுரை 2006இல் வெளிவந்தது. வீடு பெற்ற குடும்பங்களையும் வந்து சென்ற வட அமெரிக்கரையும் தனித்தனியே விசாரித்துப் பார்த்ததில், அயல்நாட்டார் கட்டிய வீட்டில் குடியிருப்போருக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியிருப்போருக்கும் இடையே, வாழ்விலோ ஆன்மிக நிலையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. செலவில் மட்டும் வேறுபாடு இருந்தது. ஒரு வீட்டைக் கட்டி முடிக்க ஆனது ஏறத்தாழ 2,000 டாலர். வட அமெரிக்கக் குழு ஒன்று வந்து போக ஆனது ஏறத்தாழ 30,000 டாலர்.

இந்த வகுத்தலைக் கருத்தரங்கில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஒரு குழு ஊரிலேயே இருந்துகொண்டு பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் பதினைந்து வீடுகள் எழும்பியிருக்குமே என்று சிலர் கணக்கையும் முடித்துவிடுவார்கள். அத்தனை எளிதில் முடித்துவிடக்கூடிய கணக்கன்று இது. பயணத்தை ஆதரிப்போரிடம் இதற்கு வலுவான விடை உண்டு: பயணம் இல்லையேல் அந்த 30,000 டாலர் திரண்டே இருக்காது. பதினெட்டு வயது மகள் ஹொண்டுராஸ் போகிறாள் என்பதற்காகத்தான் அத்தையும் மாமாவும் அண்டை வீட்டாரும் காணிக்கை தந்தார்கள். பெயர் தெரியாத ஒரு குடும்பத்தின் கூரைக்காகத் தந்திருக்க மாட்டார்கள். அத்துடன், போய்வந்தவர் மாறிவிடுகிறார். வாழ்நாள் முழுவதும் ஏழைகளுக்காகக் கொடுப்பவராக, செபிப்பவராக ஆகிறார் என்றும் அவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது கூற்றை வெர் பீக்கே சோதித்தார். திரும்பி வந்தவர்களுள் பலர் தாம் முன்னைவிட மிகுதியாகக் கொடுப்பதாகத் தெரிவித்தனர். காணிக்கைப் பதிவேடுகளோ அந்த அளவு உயர்வைக் காட்டவில்லை. மனிதர் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. மலைமேல் நின்றபோது ஏற்பட்ட உணர்ச்சி மெய்யானதே. வீட்டுக்குத் திரும்பியபின் அதைத் தாங்கிப் பிடிக்க அமைப்பு ஏதும் இருக்கவில்லை என்பதுதான் செய்தி.

முதல் கூற்றை நான் மறுக்கவில்லை. அதை முழுமையாக ஏற்றுக்கொண்டால் என்ன விளைகிறது என்றே கேட்கிறேன். பணம் திரண்டது பயணத்துக்காக என்றால், முதன்மையான பொருள் பயணம். வீடு அதன் உடன்விளைவு. அவ்வாறாயின் அந்தச் செலவை ‘ஏழைகளுக்கு உதவி’ என்ற தலைப்பின்கீழ் எழுதுவது தகாது. கல்வி என்றோ திருப்பயணம் என்றோ எழுதலாம். அவை இரண்டுமே மதிப்புக்குரியவை. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்பவர், வழியிலுள்ள ஊர்களை முன்னேற்றுவதற்காகச் செல்கிறேன் என்று சொல்வதில்லை. தம் ஆன்மாவுக்காகச் செல்கிறார். வழியில் நீர்மோரும் நிழலும் தந்தவர்களுக்குத் தாமே கடன்பட்டவராகிறார். ஊழியப் பயணத்திலோ இந்தக் கடன் தலைகீழாக எழுதப்படுகிறது. கற்றுக்கொண்டவர் கொடுத்தவராகவும், கற்பித்தவர் பெற்றவராகவும் பதிவாகின்றனர். என் முதன்மையான ஆட்சேபம் இதுவே. பணம் வீணாவது அதற்கு அடுத்ததுதான்.

கற்பித்தவர் என்று குடும்பத்தை ஏன் சொல்கிறேன் என்றால், விருந்தினரைத் தாங்குவது ஓர் உழைப்பு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முதுமொழி. இருபது பேர் கொண்ட குழு ஒன்று ஓர் ஊருக்கு வருகிறதென்றால், உள்ளூர்ப் போதகர் இரண்டு வாரங்களுக்கு வேறு வேலை பார்க்க இயலாது. விமான நிலையத்துக்கு வண்டி, கொதிக்க வைத்த நீர், அவர்கள் வயிற்றுக்கு ஒத்துவரும் உணவு, உறங்க இடம், கழிப்பறை, மொழிபெயர்ப்பாளர், நோயுற்றால் மருத்துவர் என்று அனைத்தையும் ஏற்பாடு செய்ய வேண்டும். இவற்றைச் செய்வோர் பெரும்பாலும் அந்தச் சபையின் பெண்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். கட்டுமானம் தெரியாத கைகளால் செய்யக்கூடிய, எட்டு நாளில் முடிகிற, முடிந்ததும் நிழற்படத்தில் தெரிகிற வேலையாக அது அமைய வேண்டும். இத்தகைய வேலை எந்த ஊரிலும் அளவாகத்தான் இருக்கும். தீர்ந்துபோனால் உண்டாக்கித்தான் ஆக வேண்டும். அட்லாண்டாவின் ஏழைப் பகுதிகளில் நாற்பதாண்டு பணியாற்றிய ராபர்ட் லப்டன் 2011இல் வெளியிட்ட நூலில், மெக்சிகோவில் ஒரே கோடையில் ஆறு குழுக்களால் ஆறு முறை வண்ணம் பூசப்பட்ட தேவாலயத்தைப் பற்றிச் சொல்கிறார். ஐந்தாம் முறை பூசப்பட்டபோது அந்தச் சபையின் மூப்பர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதே நான் கேட்க விரும்பும் வினா. அடுத்த ஆண்டுக்கான நிதியும் நல்லுறவும் அந்த வாளியைச் சுமந்து வருபவர்களோடு சேர்ந்தே வருகின்றன. மறுக்கும் உரிமை ஏட்டளவில் இருக்கலாம். மறுத்தால் இழப்பு யாருக்கு என்பது அவர்களுக்குத் தெரியும்.

வீட்டைப் பெற்ற குடும்பத்தின் நிலை இன்னும் நெருக்கடியானது. திறவுகோலைக் கையளிக்கும் சிறு விழா நடக்கும். பாடல், செபம், கண்ணீர், குழுப்படம். வந்தவர்கள் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் வழியாக, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று குடும்பத் தலைவியிடம் கேட்பார்கள். அவர் வேறு என்ன விடை சொல்ல முடியும்? ஆய்வு முறையியலில் இதை மரியாதைக்காகச் சொல்லப்படும் விடை என்று பாடம் நடத்துகிறோம். (கள ஆய்வு என்ற பெயரில் வினாநிரலோடு போய்த் திண்ணையில் அமர்ந்து தேநீர் குடித்துவிட்டு வரும் நாமும் அதே விடைகளைத்தான் அட்டவணைப்படுத்துகிறோம் என்பதைத் துறை நண்பர்கள் மன்னித்து நினைவில் கொள்க.)

தமிழ் மாணவர்களுக்கு இங்கே ஒரு சொல்லை நினைவூட்டலாம். திருக்குறளில் விருந்தோம்பலும் ஒப்புரவறிதலும் ஈகையும் தனித்தனி அதிகாரங்கள். மூன்றையும் ஒன்றாகக் குழைக்கக் கூடாது என்ற தெளிவு அந்தப் பகுப்பிலேயே இருக்கிறது. ஊழியப் பயணத்தில் வருபவர் தாம் ஈகை செய்வதாகக் கருதுகிறார். ஏழை வீடோ அவருக்கு விருந்தோம்புகிறது. ஒருவருடைய கணக்கில் மற்றவரின் செயல் இடம்பெறுவதே இல்லை. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து, உரியதை அறிந்து செய்வது. அதற்கு ஊரை அறிந்திருக்க வேண்டும். தமிழ்க் கிறித்தவ வழக்கில் இச்சொல் பகை நீங்கி உறவு மீள்வதைக் குறிக்கிறது என்பதும் கருதத்தக்கது.

இதுவரை சொன்னவற்றில் கெடுவது பணமும் நேரமும் தன்மதிப்பும். குழந்தைகள் என்று வரும்போது கேடு வேறு அளவினது.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அம்மாத இறுதியில், பெரும்பாலும் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த பத்து அமெரிக்க பாப்டிஸ்ட் தன்னார்வலர்கள், 33 குழந்தைகளை உரிய ஆவணங்களின்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது எல்லையில் கைதாயினர். ஆதரவற்ற குழந்தைகளை மீட்பதாக அவர்கள் கூறினர். விசாரித்தபோது அக்குழந்தைகளுக்குப் பெற்றோரோ உறவினரோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. நல்ல பள்ளி, உணவு, விளையாடத் திடல் என்ற உறுதிமொழியை நம்பிப் பெற்றோர் பலர் தாமே கையளித்திருந்தனர். சென்றவர்களை எளிதில் கயவர் என்று முத்திரை குத்திவிடலாம். அவர்களுள் பலர் தம் சபை அழைத்ததால் வேலைக்கு விடுப்பெடுத்து வந்த எளிய மனிதர்கள் என்பதே எனக்கு அச்சமூட்டுகிறது. வறுமைக்கு ‘ஆதரவின்மை’ என்று தவறாகப் பெயரிட்டுவிட்டால், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதும் தொண்டாகத் தோன்றிவிடுகிறது.

இது தனி நிகழ்வன்று. ஹெய்ட்டியில் ஏறத்தாழ 30,000 குழந்தைகள் இத்தகைய இல்லங்களில் வாழ்வதாகவும், அவர்களுள் எண்பது விழுக்காட்டினருக்குத் தாய் தந்தையருள் ஒருவராவது உயிரோடு இருப்பதாகவும் லூமோஸ் என்ற அமைப்பு கணக்கிட்டுள்ளது. நேபாளத்தில் அப்போதிருந்த 75 மாவட்டங்களுள் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் ஆகிய ஐந்தில் மட்டுமே குழந்தைகள் இல்லங்களுள் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு அமைந்திருந்தன. வறுமை மிகுந்த மாவட்டங்கள் மேற்கு மலைகளில் உள்ளன. மேற்சொன்ன ஐந்தும் விமானம் இறங்கும் இடமும் ஏரிக்கரையும் யானைக் காடும் உள்ள, வெளிநாட்டார் வந்து தங்கும் மாவட்டங்கள். தேவை எங்கே இருக்கிறது, யாருடைய தேவை என்பதை இந்த நிலப்படமே காட்டிவிடுகிறது. குழந்தைகளோடு சில நாள் இருந்து அன்பு செலுத்த விரும்பும் விருந்தினர் பணத்தோடு வருகையில், அவர்களுக்காகக் குழந்தைகள் திரட்டப்படுகின்றனர். 2015 நிலநடுக்கத்துக்குப் பின் நேபாள அரசு, உரிய இசைவின்றிக் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்வதைத் தடைசெய்தது. புதிய இல்லங்களைப் பதிவுசெய்வதையும் நிறுத்திவைத்தது. ஐக்கிய நாடுகள் பொது அவை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களில் தன்னார்வலராகச் செல்லும் சுற்றுலாவால் விளையும் தீங்கை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. நம் மாணவர்களின் விண்ணப்பங்களில் மட்டும் இல்லங்களுக்குச் செல்வது இன்னும் மிக மென்மையான, மிக மறுக்கவியலாத பணியாக இருந்துவருகிறது.

அமெரிக்கரை மட்டுமே குறை சொல்வதாக எண்ணவேண்டா. தென்கொரியாவின் சபை ஒன்றிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குச் சென்ற 23 தன்னார்வலர்கள் 2007 ஜூலையில் தாலிபான்களிடம் பிணைக்கைதிகளாயினர். போதகர் உள்ளிட்ட இருவர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் விடுதலைக்காக நடந்த உடன்பாட்டில் தென்கொரியப் படை அவ்வாண்டு இறுதிக்குள் வெளியேறுவதும், ஊழியப் பயணங்கள் நிறுத்தப்படுவதும் இடம்பெற்றன. செல்பவர் ஏற்கும் இடர் செல்பவரோடு முடிவதில்லை. இதைப் பற்றி இவ்வளவே.

இவ்விமர்சனங்களுள் கூர்மையானவை பெரும்பாலும் சபைக்குள்ளிருந்தே எழுந்தவை. கத்தோலிக்கக் குருவாக இருந்த இவான் இலிச் மெக்சிகோவின் குவெர்னவாகாவில் ஒரு மையம் நடத்திவந்தார். 1968 ஏப்ரலில், கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டாற்றப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடையே பேச அவரை அழைத்தனர். வந்து பாருங்கள், படியுங்கள், மலையேறுங்கள், ஆனால் உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். உங்களைப் பற்றி அந்த மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் சொன்னாலும் புரிந்துகொள்ளும் அளவுக்கு உங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது என்பதும் அவருடைய வாதங்களுள் ஒன்று. இலிச்சின் உரையை ஆங்கில வகுப்புகளில் படிக்கிறோம். அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் முன்பே ஒரு தமிழர் எடின்பரோவில் பேசியதை நம்மில் பலர் படித்ததில்லை.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் உரையாற்றினார். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பேராளர்களிடையே ஆசியர் இருபது பேர்கூட இல்லாத அவை அது. ஐரோப்பிய மிஷனெரிகளின் தியாகத்தை அவர் நன்றியோடு ஒப்புக்கொண்டார். அதே மூச்சில், இந்திய ஊழியரோடு சமமாக அமர்ந்து உண்ணவும் பழகவும் அவர்களால் இயலாமற்போனதையும் எடுத்துரைத்தார். பொருளும் உழைப்பும் தந்துவிட்டீர்கள். நண்பர்களாக வாருங்கள் என்பதே அவருடைய வேண்டுகோளின் சாரம். அவையில் சிலருக்கு அது கசந்தது. இத்தனைக்கும் அவர் ஊழியத்துக்கு எதிரானவர் அல்லர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். பின்னர் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பேராயராகி, அம்மக்களிடையே தம் இறுதிவரை வாழ்ந்தவர். இலிச் உதவியே வேண்டா என்றார். அசரியாவோ உதவிக்கு முன் நட்பு வேண்டும் என்றார். எனக்கு அசரியாவின் நிலைப்பாடு கூடுதல் பயனுடையதாகத் தோன்றுகிறது. அது செல்பவரைத் தடுக்கவில்லை, அவரிடம் ஆண்டுக்கணக்கில் நேரம் கேட்கிறது.

அப்படி நேரம் கொடுத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு வடகிழக்கில் ஆய்வு செய்யும் எனக்கு எட்டிய தூரத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மிசோரமில் நூறாண்டுக்கும் மேலாக, சமைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் இருக்கிறது. நம் ஊர்ப் பிடியரிசி போலவே. 1968க்குள் வெளிநாட்டு மிஷனெரிகள் வெளியேறிவிட்ட பின்னும் அச்சபைகள் தம் அரிசியைக்கொண்டே பணிகளை நடத்தின. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, சின் மாநிலத்திலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தியாவ் ஆற்றைக் கடந்து மிசோரமுக்கு வந்தனர். வருவோரைத் தடுக்குமாறு ஒன்றிய உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியது. மாநில முதல்வர் சோரம்தங்கா, இத்துயரத்தைக் கண்டும் காணாதிருக்க மிசோரமால் இயலாது என்ற பொருளில் தலைமை அமைச்சருக்கு எழுதினார். அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால் வந்தவர்களுக்குச் சட்டப்படி அகதி என்ற தகுதி கிடைக்கவில்லை. சபைகளும் இளைஞர் மிசோ சங்கமும் ஊர்க்குழுக்களும்தான் இடமும் அரிசியும் மூங்கிலும் தந்தன. யாரும் பயணம் போகவில்லை. ஏழைக் குடும்பம் எல்லை கடந்து வந்தது. வந்த குடும்பம் எட்டாம் நாள் திரும்பிப்போகவும் இல்லை.

இதை இலட்சியப்படுத்த எனக்கு விருப்பமில்லை. சின் மக்களும் மிசோ மக்களும் ஒரே இனக்கொடி. உறவினரை ஏற்பது எளிது. அதே மிசோரமிலிருந்து 1997இல் புரூ மக்கள் ஆயிரக்கணக்கில் திரிபுராவுக்கு ஓட நேர்ந்ததையும், அவர்கள் இருபதாண்டுக்கும் மேலாக முகாம்களில் கிடந்ததையும் மறைத்துவிட்டு மிசோரமைப் புகழ்வது நேர்மையாகாது. என் கருத்து குறுகியது: கொடுத்தவரும் பெற்றவரும் மறுநாளும் அடுத்த ஆண்டும் ஒருவரையொருவர் சந்தித்தாக வேண்டிய இடத்தில், உதவி தவறாகப் போனால் அது கொடுத்தவர் காதுக்கு வந்து சேரும். விமானமேறியவர் காதுக்கு வருவதில்லை.

சபைகளைப் பற்றி மட்டும் பேசினால் நம் துறையினர் நிம்மதியாகத் தலையசைப்பார்கள். ஆகவே நாட்டு நலப்பணித் திட்டத்தையும் நினைவூட்டுகிறேன். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின் சிறப்பு முகாம் ஏழு நாள். நாம் செல்லும் ஊருக்குத் ‘தத்தெடுத்த கிராமம்’ என்று பெயர். தத்துக் கொடுத்தது யார், அவ்வூரின் கிராம சபையில் அதற்குத் தீர்மானம் உண்டா என்று எந்தக் கோப்பிலும் நான் கண்டதில்லை. கோவில் வளாகத்தையோ பள்ளி மைதானத்தையோ துப்புரவு செய்கிறோம். ஆண்டு முழுதும் அவ்வேலையைச் செய்யும் தூய்மைப் பணியாளர் ஓரமாக நின்று பார்க்கிறார். ஏழாம் நாள் சான்றிதழ். அந்த முகாம்களில் உண்மையாகவே திறந்துகொண்ட மாணவர்களை நான் அறிவேன். சாதி என்பது வீட்டு அமைப்பிலும் குடிநீர்க் குழாயிலும் எப்படி இருக்கிறது என்பதை அங்கேதான் முதன்முறையாகப் பார்த்தவர்கள் உண்டு. அது அவர்களுக்கு அந்த ஊர் தந்த கல்வி. பதிவேட்டிலோ ஊருக்கு நாம் செய்த பணி என்றுதான் ஏறுகிறது.

போக விரும்பும் மாணவர்களுக்கு, போகாதே என்று நான் சொல்வதில்லை. பதின்வயதில் எல்லை கடந்து வேறொரு வீட்டின் அடுப்பங்கரையில் அமர்ந்து வருவதைத் தடுக்கும் கல்வி, கல்வியாகாது. அழைத்தது யார் என்று கேட்கச் சொல்கிறேன். அனுப்பும் சபையின் பெயர் அதற்கு விடையாகாது, அந்த ஊரில் அழைத்தவரின் பெயர் வேண்டும். நீ போகாவிட்டால் அந்த வேலையைச் செய்யும் கொத்தனாரோ ஆசிரியரோ அங்கே உண்டா, உண்டென்றால் அவர் கூலி என்னவாகும் என்று கேள். குழந்தைகள் இல்லம் என்றால் போகாதே. இதில் மட்டும் எனக்கு விதிவிலக்கில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற கைத்திறன் உடையவராயின், நீ திரும்பியபின் அத்திறன் யாரிடம் தங்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வை. மொழியின் முதல் நூறு சொற்களையாவது கற்றுக்கொண்டு போ. பயணச் செலவை, நண்பர்களிடம் திரட்டும்போதே, என் கல்விக்காக என்று சொல்லித் திரட்டு. குடும்பங்களுக்கான பணத்தைத் தனியாக, அந்த ஊரின் அமைப்புக்கே அனுப்பு. இவ்வாறு சொன்னபின் சிலர் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலர் தங்கி விவாதிக்கிறார்கள்.

பாடத்திட்டக் குழுக்களில் உள்ள ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் சமூக ஈடுபாட்டுக்கு மதிப்பலகுகள் வழங்கும் வாய்ப்பு பெருகியுள்ளது. வெளிநாட்டு ஊழியப் பயணங்களையும் உள்நாட்டு முகாம்களையும் இதன்கீழ் ஏற்கக் கோரும் விண்ணப்பங்கள் வரத்தான் போகின்றன. மாணவரின் அனுபவ அறிக்கையை மட்டும் மதிப்பிட்டு அலகு வழங்காதீர்கள். வருகை முடிந்து ஆறு மாதங்கள் கழித்து, ஏற்ற ஊரார் தம் மொழியில், அமைப்பாளர் இல்லாத இடத்தில் தரும் மதிப்பீட்டையும் கேட்டுப் பெறுங்கள். அதில் மீண்டும் வரவேண்டா என்று எழுத ஒரு கட்டம் இருக்கட்டும்.

பின்னூட்டத்தில் போய்வந்தவர்களின் அனுபவங்களைவிட, விருந்தினரை ஏற்ற ஊர்களையும் இல்லங்களையும் சேர்ந்தவர்கள் எழுதினால் மிகவும் பயன்படும். பொதுவில் எழுத இயலாதோர் தனிச்செய்தியில் எழுதலாம்.